கணக்கெழுதாத மாப்பிள்ளையும் ரெண்டு வழியனுப்பும்

எங்க சர்ச்சுல ஒருத்தர் ஃபாரின் போறாங்கன்னா, விசா கையில வர்ற வரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. மாசத்துக் கடைசி ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வழியனுப்புக் கூட்டம். அதை விட்டா அடுத்த மாசம்தான். அதனால, "விசாதானே, வந்துடும், முன்கூட்டியே ஜெபம் பண்ணி அனுப்பிடலாம்"னு பண்ணிடுவாங்க. இந்த அவசரத்துல மாட்டிக்கிட்டு முழிச்சவ மெட்டில்டா. அந்த ரெண்டு வருஷத்தை நினைச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது.

அவ எங்க மிஷன் ஸ்கூல்ல தையல் டீச்சர். நான் அங்கயே கணக்கு டீச்சர், பேரு யூனிஸ். மெட்டில்டா, அப்பா அம்மா போனப்புறம் கிழக்குத் தாம்பரத்துல அண்ணன் லாசரஸ் வீட்டுல இருந்தா. முப்பது தாண்டியும் வரன் அமையல. அமைஞ்சப்போ ஒரேயடியா அமெரிக்காவா அமைஞ்சுது. மாப்பிள்ளை ஏசுதாசன் முதல்ல கிண்டியில ஒரு கம்பெனியில இருந்தவர். அப்புறம் டெட்ராய்ட் போய் ரத்தம் பரிசோதிக்கிற லேப்ல சேர்ந்து, அங்கயே தங்குறதுக்கு கார்டும் வாங்கிட்டார். எழுபத்தொண்ணுல லீவுல வந்தார், கல்யாணம் ஆச்சு, ஒரு மாசம்கூட ஆகல, ப்ளேன் ஏறிட்டார். "சீக்கிரமே உன்னைக் கூப்பிட்டுக்கறேன்"னு மீனம்பாக்கத்துல வெச்சு எங்க எல்லார் முன்னாடியும் சொன்னார். நல்ல மனுஷன்தான், அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

மறு வருஷக் கடைசியில ஜெமினிகிட்ட இருக்கிற அமெரிக்கன் கான்சுலேட்ல இருந்து இன்டர்வியூவுக்கு லெட்டர் வந்துது. அவ்வளவுதான், பெண்கள் சங்கத்துக்குக் கால் தரையில நிக்கல. செக்ரட்டரி ஜெயசீலி வீடு வீடாப் போய் வசூல் பண்ணி ஒரு பெரிய தகரப் பெட்டி வாங்கிட்டா. பெயிண்டரைப் பிடிச்சு, மூடி மேல வெள்ளை பெயிண்டுல 'மிஸஸ் மெட்டில்டா ஏசுதாசன், டெட்ராய்ட், அமெரிக்கா'ன்னு எழுதியும் கொடுத்துட்டா. போதகர் சுந்தர்சிங் அரை மணி நேரம் ஜெபிச்சார். கேசரி, மிக்சர், காபி. எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுதோம், வாசல்ல நின்னு கையாட்டினோம். அதுக்கு முந்தின வாரமே அவ வேலையையும் ராஜினாமா பண்ணிட்டா.

இன்டர்வியூவுக்கு நான்தான் கூடப் போனேன். கவுன்டர்ல இருந்த ஆள் நம்ம ஊர்க்காரர்தான், மரியாதையாத்தான் பேசினார்.

"உங்க ஹஸ்பண்ட் உங்களை வெச்சுக் காப்பாத்துவேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்மா. அதுக்கு ஆதாரமா, அவர் அங்க வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணின நகல் வேணுமே? மூணு வருஷத்துது."

மெட்டில்டா என்னைப் பார்த்தா. நான் அவரைப் பார்த்தேன். கையில இருந்த கட்டுல கல்யாண சர்டிபிகேட் இருக்கு, ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்கு, போலீஸ் சர்டிபிகேட் இருக்கு, அந்த நகல் மட்டும் இல்ல.

அன்னிக்கே டெட்ராய்ட்டுக்குக் கடுதாசி போட்டா. பதில் வந்துது. என்ன எழுதியிருந்தார்ங்கறீங்க? 'வரியைத்தான் சம்பளத்துலயே பிடிச்சுடுறாங்களே, அப்புறம் நான் என்னத்தைத் தாக்கல் பண்றது?'

எனக்கு வந்துது பாருங்க கோபம்! ஆனா யோசிச்சா, அந்த மனுஷனைச் சொல்லியும் குத்தமில்ல. கிண்டி கம்பெனியில அப்படித்தான். ஆபீஸ்லயே பிடிச்சுடுவாங்க, வருஷக் கடைசியில ஒரு சீட்டு கொடுப்பாங்க, அதோட சரி. எங்க தாம்பரத்துல மாசச் சம்பளக்காரன் எவன் தனியா உட்கார்ந்து கணக்கெழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினான்? அங்க அப்படி இல்லையாம். பிடிச்சாலும் பிடிக்காட்டாலும், வருஷா வருஷம் ஏப்ரல்ல அவனவன் கணக்கை அவனவன் எழுதி அனுப்பியே ஆகணுமாம். போனதுல இருந்து ஒரு வருஷம்கூட இவர் எழுதல. ஊரான் ரத்தத்துல என்ன இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்ற மனுஷனுக்கு, சொந்தச் சம்பளத்தை எழுதி அனுப்பணும்னு தெரியல.

சரி, இப்பவாவது எழுதி அனுப்பலாம்னா, முதல் வருஷம் வேலை பார்த்த லேபை இழுத்து மூடிட்டாங்க. சம்பளச் சீட்டு இல்லாம கணக்கெழுத முடியாது. இவர் அந்தச் சீட்டை எப்பவோ தூக்கிப் போட்டிருக்கார். அந்த முதலாளியைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாசக்கணக்காச்சு.

இங்க மெட்டில்டாவோட நிலைமையைக் கேளுங்க. அவ இடத்துல புதுசா ஒரு பொண்ணைப் போட்டாச்சு. யாராவது பிரசவ லீவுல போனா மட்டும் இவளைக் கூப்பிடுவாங்க. மத்த நாள் அண்ணன் வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கணும். ஹால்ல அந்தத் தகரப் பெட்டி. வர்றவன் போறவன் எல்லாம் மூடியைப் படிச்சுட்டு, "இன்னும் போகலையா?"ம்பான். ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல அதே கேள்வி. காய்கறிக்காரி வரைக்கும், "இன்னாம்மா, அமெரிக்கா போலியா?" கடைசியில அவ பெட்டி மேல ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடி வெச்சுட்டா.

அதோட விட்டாங்களா? "வரியாம், கணக்காம்! யாருக்குக் காது குத்துறாங்க? அங்க ஒருத்தி இருப்பா"ன்னு ஜெயசீலி பாட்டுப் பயிற்சியில சொல்லியிருக்கா. பின் பெஞ்சுல மெட்டில்டா உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியல. அன்னிக்கு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டுல நின்னுக்கிட்டே அழுதா.

"அக்கா, ஒரு மாசம்கூடச் சேர்ந்து வாழல. அவர் சிரிக்கிறது எப்படி இருக்கும்னே மறந்துக்கிட்டு வருது. இப்படியே விட்டா இவங்க சொல்றதை நானே நம்பிடுவேன் போலிருக்கு."

"நம்பித் தொலைக்காதேடி"ன்னு கத்தினேன்.

எழுபத்திமூணு கடைசியில ஒருவழியா நகல் வந்து சேர்ந்துது. கூடவே ஒரு சேதியும் எழுதியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தா, அதிகமாப் பிடிச்சுட்டாங்களாம், அரசாங்கம்தான் இவருக்குத் திருப்பித் தரணுமாம்! பாக்கி வெச்சவன் அரசாங்கம், தண்டனை மெட்டில்டாவுக்கு. இந்தக் கூத்தை யார்கிட்டப் போய்ச் சொல்றது?

நகல் வந்த விஷயம் போதகர் காதுக்குப் போனதும், "இந்த முறை நிச்சயம், நம்ம சபை ஜெபிச்சு அனுப்பும்"னுட்டார். வேண்டாம் வேண்டாம்னு அவ கெஞ்சினா. "போன தடவை ஜெபம் குறைஞ்சிருக்கும்"னு சொல்லி ஜெயசீலி மறுபடியும் கேசரி கிளறினா. மறுபடியும் அழுகை, மறுபடியும் வாசல்ல நின்னு கையாட்டல். மறு வாரம் கான்சுலேட்ல நகலைத் திருப்பிப் பார்த்துட்டு அதே ஆள் சொல்றார், "இது அவர் எழுதின காகிதம்மா. அனுப்பினார்னு எப்படித் தெரியும்? வரி இலாகா முத்திரை போட்ட நகல் வேணும்." பஸ்ஸுல திரும்பி வர்றப்போ அவ அந்த நகலை மடிச்சு மடிச்சுப் பைக்குள்ள வெச்சா. அப்புறம், "இந்த ஞாயித்துக்கிழமை எப்படிக்கா சர்ச்சுக்குப் போவேன்?"னு மட்டும் கேட்டா.

போனா. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனா. "எப்பவாவது நிஜமாவே போறதா இருந்தா சொல்லுடி, மூணாவதா ஒண்ணு பண்ணிடலாம்"னு ஜெயசீலி சொன்னா. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. மெட்டில்டாவும் கூடச் சேர்ந்து சிரிச்சா, அதைத்தான் என்னால தாங்க முடியல.

முத்திரை போட்ட நகல் வந்து, விசா கைக்கு வந்தப்போ எழுபத்திநாலு ஆகஸ்ட். அப்பவும் விட்டாங்களா? அந்தக் காலத்துல நாட்டை விட்டு ஒரேயடியாப் போறவங்க, வரி பாக்கி இல்லேன்னு இங்கயும் ஒரு சீட்டு வாங்கணும். "என் சம்பளத்துக்கு வரியே கிடையாது சார்"னு இவ சொல்ல, "அதுக்கு ஒரு லெட்டர் கொண்டு வாங்க"ன்னாங்க. கட்டாத வரியைக் கட்ட வேண்டியதில்லைன்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட எழுதி வாங்க நான் நாயா அலைஞ்சேன்.

இந்தத் தடவை அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தேதி ஒரு வியாழக்கிழமை. தகரப் பெட்டியை எடுக்கல. ஏசுதாசன் அதுக்குள்ள ரெண்டு ஊர் மாறியாச்சு, மூடியில இருக்கிற ஊரே தப்பு. ரெண்டு துணிப்பையும் லாசரஸோட பழைய சூட்கேஸும்தான். மீனம்பாக்கத்துல உள்ள போறதுக்கு முன்னாடி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

"அக்கா, தயவுசெஞ்சு கையாட்டாதீங்க. ரெண்டு தடவை எல்லாரும் ஆட்டினாங்க, நான் போகவே இல்ல."

நான் கையைப் புடவைத் தலைப்புக்குள்ள விட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டு நின்னேன். படிக்கட்டுல ஏறி அவ ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. கை தானா எழும்பப் பார்த்துது, விடல. ப்ளேன் பல்லாவரம் மலைக்கு மேல போய் மறைஞ்சப்புறம்தான் கையை வெளிய எடுத்துக் கண்ணைத் துடைச்சேன்.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாசல்ல ஜெயசீலி பிடிச்சுக்கிட்டா.

"என்ன யூனிஸ், மெட்டில்டாவைக் காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அமெரிக்கா போயிட்டா."

"சும்மா சொல்லாதே. நேத்து லாசரஸ் வீட்டுக்குப் போனேன், பெட்டி ஹால்லயே கிடக்கு."

"பெட்டி கிடக்கும். அவ போயிட்டா."

ஜெயசீலி முகம் சுருங்கிப் போச்சு. "அதெப்படி? நாம வழியனுப்பவே இல்லையே!"

"அதனாலதான் போய்ச் சேர்ந்தா"ன்னுட்டு நான் விறுவிறுன்னு நடந்து வந்துட்டேன்.