அயனி மரத்தில் கட்டிய வெள்ளை முண்டு

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் சுகிர்தபாய்க்கு இரண்டு வேலை கூடும். வீட்டைச் சுற்றிச் சருகைப் பெருக்கி மண் தெரிய வைப்பது ஒன்று. தகரப் பெட்டி கட்டுவது இன்னொன்று. பெருங்கடவிளைக்கு மேலே அந்தச் சரிவில் எல்லோரும்தான் பெருக்குவார்கள். பெட்டி கட்டுகிறவள் அவள் ஒருத்திதான். நிலத்தின் பத்திரம், ரேஷன் கார்டு, கணவனின் மருந்துச் சீட்டு, கல்யாணத்தன்று சபை ஐயர் கொடுத்த வேதப்புத்தகம். மழை விழுந்த பிறகே அவிழ்ப்பாள்.

"ஊரில உள்ளவ கல்யாணத்துக்குப் பெட்டி கெட்டுவா. நீ தீக்குக் கெட்டுதியா?" என்று பக்கத்து வீட்டுச் சாராம்மா சிரிப்பாள்.

சுகிர்தபாயும் சிரிப்பாள். ஆனால் பெட்டியில் வைக்க முடியாத ஒன்று வீட்டில் கிடந்தது. அவள் கணவன் செல்லையன். மிளகு பறிக்க முற்றத்து அயனி மரத்தில் ஏறி விழுந்ததிலிருந்து எட்டு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தீ வந்தால் இந்த மனிதனை எப்படி இறக்குவது?

அதற்கு வழி சொன்னவன் தம்பி தங்கையன். தாயில்லாத அவனை வளர்க்கத்தான் அவள் நாலாம் வகுப்போடு நின்றாள். இப்போது அவனுக்குச் சரிவின் மேலே ரப்பர் தோட்டம், ஷீட் உலர்த்தும் புகைப்புரை, ஒரு ஜீப்.

"எக்கா, நீ எதுக்குக் கெடந்து பேடிக்குதே? தீயக் கண்டா ஒரு வெள்ளத் துணிய அயனியில கெட்டு. கீழ எங்க நிண்ணாலும் எனக்குத் தெரியும். அத்தான எறக்குதது எனக்க பொறுப்பாக்கும்."

கிறிஸ்துமசுக்கு அத்தானுக்கென்று அவன் எடுத்துக் கொடுத்த வெள்ளை முண்டு வேட்டியையே அதற்கென்று மடித்து வைத்தாள். சபையில் பெண்கள் கூடும்போதெல்லாம் தம்பியின் வாக்கைச் சொல்வாள். குடும்ப ஜெபத்தில் அந்த ஜீப்புக்காகவும் ஜெபித்தாள்.

தொண்ணூற்றாறாம் வருடம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிப் பொழுதில், கிழக்குப் பாறைக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. சுகிர்தபாய் பதறவில்லை. ஆடுகளை அவிழ்த்து விட்டாள். காய் பறிக்கும் தோட்டிக் கம்பால் அந்த வேட்டியை எட்டின கொம்பில் மாட்டிக் கட்டினாள். கணவனுக்குச் சட்டை மாற்றி, முற்றத்தில் நாற்காலியில் ரோட்டைப் பார்க்க உட்கார்த்தினாள். பெட்டியை அவர் காலடியில் வைத்தாள்.

சாராம்மாவின் கணவன் பாலையன் பிள்ளைகளோடு ஓடி வந்தான்.

"மைனி, அண்ணனப் பிடிக்க ஆளு வேணுமா?"

"வேண்டாம் பாலையா. மரத்தில துணி கெடக்குது பாத்தியா? தம்பி வந்துருவான். நீ பிள்ளையளக் கொண்டு போ."

அவர்கள் இறங்கிய சற்று நேரத்தில் ஜீப் ஏறி வந்தது. "ஸ்தோத்திரம்" என்று கையைத் தூக்கினாள். தங்கையனும் கையைக் காட்டினான். நிற்காமல் மேலே போனான். வண்டி திருப்ப மேலேதான் இடம் உண்டு, அதனால் போகிறான் என்று நினைத்தாள். திரும்பி வரட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றாள்.

திருப்ப இவ்வளவு நேரம் ஆகாதே என்று அவளுக்குத் தோன்றியபோது ஜீப் இறங்கியது. பின்பக்கம் படுதா முட்ட ரப்பர் ஷீட். வளைவில் வண்டி மெதுவானது. தம்பி அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"பாரம் கூடிப்போச்சு. அதாக்கும்," என்றார் செல்லையன். "எறக்கிட்டு வருவான்."

அந்தப் பேச்சை நம்பி மேலும் நின்றாள். சருகு வெடிக்கிற சத்தம் பக்கத்தில் கேட்டது. அப்போதுதான் பாலையன் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தான்.

"சந்தையில அவன் ஷீட்ட எறக்குதான் மைனி. ஜீப்பில அண்ணன் இருக்கும்னு எட்டிப் பாத்தேன். காணல்ல. எனக்குக் காலு நிக்கல்ல."

நார்க்கட்டிலில் செல்லையனைக் கிடத்தி, தலைப்பக்கம் பாலையனும் கால்பக்கம் சுகிர்தபாயும் தூக்கினார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள்.

"எலே, மெல்லப் போ. நான் சவமில்ல," என்றார் செல்லையன். அவள் சிரிக்கவில்லை. தகரப் பெட்டி ரோட்டோரத்திலேயே இருந்தது.

பெருக்கி வைத்த மண் வீட்டைக் காத்தது. பொறி பறந்து அடுக்களைக் கூரை மட்டும் போயிற்று. ஆனால் பெருக்காத ரோட்டோரத்தில் இருந்த பெட்டி உள்ளிருந்ததெல்லாம் சாம்பலாகக் கிடந்தது. அவள் கையாலேயே அங்கே கொண்டு வைத்த பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தங்கையன் ஒரு பொதி ரொட்டியோடு வந்தான்.

"வரத்தான் எக்கா இருந்தேன். அதுக்குள்ள ரோட்டில ஒரே புகை…"

"பாலையன் நடந்து வந்தான் மக்கா," என்றாள். முற்றத்தில் கல்கூட்டித் தீமூட்டி, பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். அவன் குடிக்கும் வரை நின்றாள்.

அவன் எழுந்ததும் தோட்டியை எடுத்து அயனிக் கொம்பிலிருந்து வேட்டியை இறக்கினாள். பொறி விழுந்து அங்கங்கே ஓட்டை. உதறி நாலாக மடித்து அவன் கையில் வைத்தாள்.

"இது உனக்க வீட்டில இருக்கட்டு. தீ வந்தா நீ கெட்டு. நான் வாறேன்."