குப்பைக்குச் சொந்தக்காரி

ரங்காத்தாளுக்குப் பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலை. முன்பெல்லாம் மடித்த பனியனை அட்டைப்பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டி காலியானதும் கடைக்காரர் அதில் புளியோ பொத்தானோ போட்டுவைப்பார். நைந்துபோனால் அடுப்புக்கு ஆகும். அப்புறம் முதலாளி அப்புசாமிக்கு ஒரு ஞானோதயம்: பனியனுக்குப் பாலிதீன் கவர்! மேலே போர்த்த மனுசனுக்கே துணியில்லாத காலத்தில், பனியனுக்கு ஒரு சட்டை.

அச்சுக் கோணிய கவர், ஒட்டு விட்டுப்போன கவர் எல்லாம் கம்பெனியின் பின்சுவரைத் தாண்டிச் சாக்கடையில் விழும். அந்தச் சாக்கடை ஊரெல்லாம் சுற்றாமல் நேராக வந்து முட்டிக்கொள்வது ரங்காத்தாள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில்.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு, கம்பெனிக்குப் பக்கம். ஜின்னிங் பேக்டரியில் பஞ்சுத்தூசியைத் தின்றே நெஞ்சடைத்துப் படுத்துவிட்டவர் அவள் புருசன் ஆத்தப்பன். மத்தியானச் சங்கு ஊதியதும் ஓடிவந்து, அவரைச் சாய்த்து உட்காரவைத்து, கஞ்சி புகட்டிவிட்டுத் திரும்பி ஓடுவாள். வீடு தள்ளிப் போனால் அந்தக் கஞ்சிக்கு வழியில்லை.

ஐப்பசி மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. லைன் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வானத்தைத் திட்டினார்கள். வானத்தைத் திட்டினால் சண்டைக்கு வராது. ஆத்தப்பனின் பாய் நனைந்ததைப் பார்த்த ரங்காத்தாள் மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். கை கையாகக் கவரை அள்ளிச் சுவரோரம் போட்டாள். தண்ணீர் வடிந்தது.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். சாக்கடைக்குள் கிடந்தவரை அது ஊர்க்குப்பை. சுவரோரம் ஏறியதும் ரங்காத்தாள் குப்பை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இதைத் தாட்டி உடு. இல்லீன்னா ஊட்டைக் காலி பண்ணு" என்று வீட்டுச் சொந்தக்காரர் சென்னிமலை சொல்லிவிட்டார்.

முதலாளியிடம் போனாள்.

"ஏனுங் மொதலாளி, அத்தனையும் நம்ம கம்பெனிக் கவருங்க. வண்டி ஒண்ணு அனுப்புனீங்கன்னா நானே ஏத்தி உட்டுர்றனுங்க."

"அம்மிணி, நான் பனியன் விக்கறவன். கவரு பண்றவன் கோயமுத்தூர்ல இருக்கறான்."

"அவியளை நானெங்கீங்க போய்த் தேடறது?"

"கவரு போட்டாத்தான் வாங்குவேன்னு கடைக்காரன் ஒத்தைக்கால்ல நிக்கறான். அவனைப் போய்க் கேளு."

கடைக்காரர் சிரித்தார். "கிழிச்சு எறியறவன் வாங்கறவன். நானென்ன பண்ணட்டும்?"

"அப்ப பனியன் போட்ட ஆம்பளைங்களை ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேக்கட்டுங்களா?"

"கேளாத்தா. அழுக்கா இருந்தா அப்பிடியே தொவைச்சும் குடு."

கடைசியில் குப்பை வண்டிக்காரனை மறித்தாள். அவன் கவர் ஒன்றைக் கையால் இழுத்துப் பார்த்தான். "சாணி, சாம்பல்னா ஏத்தலாமுங்க்கா, எருவுக்கு ஆகும். இது மக்காது. ஆரு வாசலோ அவியதானுங்க பாத்துக்கோணும்."

"கொளுத்தி உடு, தீந்துது" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாத்தாள். ரங்காத்தாள் ஒரு மூலையில் தீக்குச்சி வைத்தாள். கரும்புகை நேராக வீட்டுக்குள் போயிற்று; அதற்கும் வேறு வழி தெரியவில்லை. ஆத்தப்பன் இருமிய இருமலில் கண் செருகிவிட்டது. குடிக்கிற தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து கொட்டி அணைத்தாள்.

மறுபடி சாக்கடையிலேயே தள்ளிவிடலாம்தான். தள்ளினால் அடுத்த மழைக்கு நனைவது அவர் பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஒற்றைமாட்டு வண்டியில் பாயைச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஆத்தப்பனைச் சாய்த்தாள். வண்டி நகர்வதற்குள் சென்னிமலை ஆள் விட்டு அந்தக் குவியலைச் சாக்கடைக்குள் தள்ளினார். "ஊடு சுத்தமாச்சு" என்றார்.

மங்கலம் ரோட்டில் கிடைத்த வீடு வெகுதூரம். இப்போது சங்கு ஊதினால் ரங்காத்தாள் கம்பெனியிலேயே தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். ஆத்தப்பனின் தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் இருக்கும். எட்டினால் குடிப்பார். எட்டாத நாளில் பொழுது சாயும்வரை நாக்கு வறண்டு கிடப்பார். கேட்டால், "தவிக்கவே இல்லீம்மிணி" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் வந்தபோது வாசற்படியில் கவர் ஒன்று காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனியுடையது என்று அவள் பார்க்கவில்லை.

"என்ன புள்ள, வாசல்லயே நிக்கறே?" உள்ளேயிருந்து ஆத்தப்பன் குரல் கரகரத்தது.

"ஒண்ணுமில்லீங்க."

கால் கட்டைவிரலால் அதை மெல்ல நகர்த்தி அடுத்த வீட்டு வாசலில் விட்டாள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.