மேல் வீட்டுக்கு வந்த பிள்ளை

துவாக்குடியில் லூர்து டீச்சர் வீட்டின் கீழ்ப் பகுதிக்குப் பானுமதி குடிவந்தபோது அவள் வயிற்றில் ஏழு மாதம். சொந்த ஊர் மருங்காபுரி. புருஷன் ஜெயக்குமாருக்குப் பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் மகிழினி இந்த வீட்டுச் சிமெண்ட் தரையில்தான் தவழ்ந்தாள், நடந்தாள், விழுந்தாள். ரிட்டயர் ஆகிப் பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருந்த லூர்து டீச்சருக்கு அவள்தான் பொழுதுபோக்கு. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் டீச்சர் முதலில் கேட்பது, "எங்க என் ராணி?" என்றுதான்.

தெருவிலேயே தன் பிள்ளைதான் அழகு என்று பானுமதி நம்பியிருந்தாள். ஒரே ஒரு கவலை. இரண்டு வயது தாண்டி மூன்று மாதம் ஆகியும் மகிழினிக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அம்மா, தா, காக்கா. இந்த மூன்றோடு சரி. டாக்டர் காதைச் சோதித்துவிட்டு, "நல்லாத்தான் கேக்குது, நேரம் எடுத்துக்கிறா, விடுங்க" என்றார். பானுமதியால் விட முடியவில்லை. சோறு ஊட்டும்போதெல்லாம், "சொல்லுடி தங்கம், நிலா. நி... லா..." என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

அந்த ஜூன் மாதம் மாடிக்கு ஒரு போலந்துக் குடும்பம் வந்தது. புருஷனுக்கு என்ஜினியரிங் காலேஜில் இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். மனைவியின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. "அது நம்ம ஆக்னஸ்தான், அவங்க பாஷையில அப்படிச் சொல்றாங்க" என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அவள் ஆக்னஸ். குழந்தை ஜோஷா, மகிழினியைவிட இரண்டு மாதம் சின்னவள். பொன்னிற முடி, நீலக் கண், வெயில் பட்டால் ரோஜாப்பூப் போலச் சிவந்துவிடும் கன்னம்.

"பாவம் பானு, நாடு விட்டு நாடு சின்னப் புள்ளையோட வந்திருக்கா. கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார் டீச்சர்.

பாவமாகத்தான் இருந்தது. மோட்டார் போடத் தெரியாமல் தண்ணீர் தீர்ந்து, ஆக்னஸ் வாளியோடு கீழே வந்து நின்றாள். சிலிண்டர் மாற்றப் பயந்து ஒரு நாள் முழுக்க ரொட்டியும் பழமுமாக ஓட்டினாள். ஜோஷாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, காலெல்லாம் கொசுக்கடி. அந்தக் குழந்தை தினமும் காலையில் தன் குளிர்கால ஷூவை எடுத்து வந்து மாடி வாசலில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போகலாம் என்கிறாளாம். ஆக்னஸ் இதைச் சொன்னபோது சிரிக்க முயன்றாள், முடியவில்லை. பானுமதி பி.காம். படித்தவள். இங்கிலீஷ் புரியும், பதில் சொல்லும்போதுதான் நாக்கு கட்டிக்கொள்ளும். ஒரு இட்லியைப் பிசைந்து நெய்யும் சர்க்கரையும் போட்டு ஜோஷாவுக்கு ஊட்டினாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத பிள்ளை முழு இட்லியையும் தின்றது.

மறுநாளிலிருந்து ஒன்பது மணி ஆனால் ஜோஷா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கி வந்துவிடுவாள். ஒரு மாதத்தில் அவள் வாயில் தமிழ் வந்தது. தண்ணி. போதும். வேணாம். பானு, வந்தேன்.

பானுமதிக்கு அப்போதுதான் வயிற்றில் முதல் தீப்பொறி விழுந்தது. "பாரேன், வெள்ளைக்காரப் புள்ள என்னமா தமிழ் பேசுது! உன் மக இன்னும் பேசலையா?" என்று எதிர்வீட்டு வேலம்மாள் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பானுமதிக்கு அது வேண்டுமென்றே குத்தியதாகத்தான் பட்டது.

அதன்பின் எல்லாமே கண்ணில் படத் தொடங்கின. கடைக்காரர் ஜோஷாவின் கையில் வாழைப்பழம் கொடுத்துவிட்டு, மகிழினியைப் பார்த்துச் சும்மா தலையாட்டினார். பஸ்ஸில் ஜோஷா மடிக்கு மடி மாறினாள், மகிழினிக்காக யாரும் கை நீட்டவில்லை. டீச்சர்கூடக் கோயிலிலிருந்து வந்ததும் மாடியை அண்ணாந்து பார்த்து, "என் மாதா குட்டி எழுந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகக் குளிப்பாட்டும்போது பானுமதி தன் மகளின் மாநிறக் கையையும் மற்றவளின் வெள்ளைக் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வேறெதுவும் இல்லை, இந்தத் தோல்தான் என்று தோன்றியது. மகிழினிக்கு இன்னொரு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிள்ளை அழுதது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கம் பார்க்க வேண்டும் என்று ஆக்னஸ் கேட்டாள். அவள் புருஷனுக்குக் காலேஜில் வேலை இருந்தது. ஜெயக்குமார் அழைத்துப் போக ஒப்புக்கொண்டான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். ராஜகோபுரத்துக்கு முன்னால் இறங்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. வேனில் வந்திருந்த ஒரு குடும்பம் ஜோஷாவைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தது, அவர்களுக்குப் பிறகு இன்னொரு குடும்பம். மகிழினி, தானும் உண்டு என்பதுபோல ஓடிப்போய் ஜோஷாவின் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினாள்.

போனைப் பிடித்திருந்த பெண் பானுமதியைப் பார்த்துச் சொன்னாள்: "இந்தாம்மா, அந்தப் பாப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிக்க வைங்க. ஃபோட்டோல விழுது."

பானுமதி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் படம் எடுத்து முடித்துவிட்டு, அன்பாகவே கேட்டாள், "நீங்கதான் இந்தக் குழந்தையைப் பாத்துக்குறீங்களா? எவ்வளவு நாளா வேலை பாக்குறீங்க?"

திரும்பிப் பார்த்தால், ஜெயக்குமார் ஜோஷாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோபுரத்துப் பொம்மைகளைக் காட்டிக்கொண்டிருந்தான். மகிழினி செருப்பு கழன்று, சுடுகிற தரையில் ஒற்றைக் காலில் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பானுமதி கேட்டாள். "உங்க புள்ள எதுங்க?"

"என்னடி கேள்வி இது?"

"கால் சுட்டு நிக்குது உங்க மக. நீங்க ஊரான் புள்ளைய தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஊர்வலம் போறீங்க."

"விருந்தாளிப் புள்ள பானு. வெயில் தாங்காது."

"நம்ம புள்ளைக்கு மட்டும் தாங்குமா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முன்பே பானுமதி கதவைச் சாத்தி உள்தாழ் போட்டாள். படியில் சத்தம் கேட்டது. சின்னக் கை கதவைத் தட்டியது. "பானூ, வந்தேன்!" பானுமதி மகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் தட்டிவிட்டு ஜோஷா ஏறிப் போனாள். இரண்டாம் நாளும் அப்படியே. மேலே குழந்தை அழுவது கேட்டது. பானுமதிக்கு அது கஷ்டமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. அழட்டும் என்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் ஆக்னஸும் கூடவே இறங்கி வந்திருந்தாள். கதவு தட்டப்பட்டதும், மூலையில் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்த மகிழினி எழுந்தாள். கதவை நோக்கி ஓடினாள். வாயைத் திறந்து, தெளிவாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் கூப்பிட்டாள்.

"ஜோஷா!"

அவள் பிறந்ததிலிருந்து ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அதற்குள் பானுமதியின் கை பாய்ந்து மகளின் வாயைப் பொத்திவிட்டது. அழுத்தமாகவே பொத்தியது. பிள்ளையின் மூச்சு உள்ளங்கையில் சூடாக அடித்தது. விரல்களுக்கு மேலே இரண்டு கண்களும் விரிந்து அவளையே பார்த்தன. பேசு பேசு என்று அவளே தினமும் கெஞ்சிக் காத்திருந்த வாய் அது. பானுமதி கையை எடுத்தாள்.

வெளியே ஆக்னஸ், கற்றுக்கொண்ட தமிழில், "பானு இல்ல. போலாம்" என்றாள்.

"இருக்கா. மகி இருக்கா," என்றாள் ஜோஷா.

பானுமதி தாழை நீக்கினாள். ஜோஷா அவள் காலுக்கு இடையில் புகுந்து உள்ளே ஓடினாள். ஆக்னஸ் தாழ்ப்பாளைப் பார்த்தாள், பானுமதியின் முகத்தைப் பார்த்தாள். "மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

பொய் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷும் வரவில்லை. தமிழிலேயே கொட்டித் தீர்த்தாள். "ஆமா, வீட்லதான் இருந்தேன். உங்க புள்ளைய ஊரே தூக்குது. என் புள்ளைய யாரும் பாக்கறது இல்ல. ஸ்ரீரங்கத்துல தள்ளி நிக்கச் சொன்னாங்க. என்னைய வேலைக்காரின்னாங்க. நீங்க பாத்துக்கிட்டுதானே நின்னீங்க?"

ஆக்னஸுக்குப் பாதிதான் புரிந்தது. ஸ்ரீரங்கத்தில் நடந்ததை மெதுவாக மறுபடி சொல்லச் சொன்னாள். பானுமதி கையைக் காட்டி, மகளை இழுப்பதுபோல நடித்துக் காட்டிச் சொன்னாள். ஆக்னஸின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. அன்றைக்கு அந்தப் பெண் சொன்னது எனக்கு விளங்கவில்லை, மகிழினிக்குப் படம் எடுப்பது பிடிக்காததால் நீங்கள் இழுத்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன் என்றாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஊட்டினால் துப்புகிறாள்," என்றாள் அவள், இங்கிலீஷில், பானுமதிக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக. "என் மொழியில் கதை சொன்னால், பானுகிட்ட போலாம் என்கிறாள். அந்த ஷூவை எடுத்துவைப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். இந்த ஊர் அவளுக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் பழகவில்லை. இத்தனை தூரம் வந்து என் பிள்ளையை உங்களிடம் தொலைத்துவிட்டேனோ என்று இருக்கிறது. தினமும் ஒன்பது மணிக்கு உங்கள் மேல் எனக்கு அவ்வளவு பொறாமை."

பானுமதி கேட்டுக்கொண்டு நின்றாள். தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. அதுவும் மாடிவீட்டு வெள்ளைக்காரி. இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று, தொண்டையில் வெல்லம் கரைந்தது மாதிரி.

"கதவு சாத்துனது தப்பு," என்றாள். "சாரி. உள்ள வாங்க. இட்லி எப்படிப் பிசையறதுன்னு காட்டறேன். நீங்களே ஊட்டுங்க."

வாயைப் பொத்தியதை அவள் ஆக்னஸிடம் சொல்லவில்லை. சாயங்காலம் ஜெயக்குமாரிடம் மட்டும் சொன்னாள். மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு அவன் துள்ளி எழுந்தான். மீதியைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்தான். "நான் அன்னைக்கு அவளையும் தூக்கியிருக்கணும்" என்றான்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. வெளியே யாராவது போனை நீட்டினால் ஆக்னஸே முந்திக்கொண்டு, "ரெண்டு பாப்பா. இல்லன்னா வேணாம்" என்பாள். பாதிப்பேர் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பானுமதிக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

அடுத்த ஜூனில் இரண்டு பேரையும் தெருக்கோடி ப்ளே ஸ்கூலில் சேர்த்தார்கள். மகிழினி அப்போது இரண்டு மூன்று சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கியிருந்தாள். முதல் நாள் வாசலிலேயே மிஸ் ஜோஷாவைத்தான் முதலில் தூக்கிக் கொஞ்சினாள். பானுமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜோஷா மிஸ்ஸின் கையிலிருந்து நழுவி இறங்கி, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொம்மைகள் இருந்த பக்கம் ஓடினாள். மகிழினியோ தாயின் சேலையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "அம்மா போவாத! அம்மா போவாத!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

மிஸ் அவளைப் பிரித்து உள்ளே தூக்கிப் போக ரொம்ப நேரம் ஆயிற்று. பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது ஆக்னஸ் கேட்டைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை என்னவென்று பானுமதிக்கு நன்றாகவே தெரியும். ஒரு வருஷமாக அவளே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி அழுதா பாத்தீங்களாக்கா?" என்றாள். குரலில் இருந்த பெருமையை அவளால் மறைக்க முடியவில்லை. பிறகு ஆக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.