தலைவர் அறையில் செருப்பு

பச்சையம்மாள் எதையும் மன்னிக்கிற ஆள் இல்லை. நகராட்சி அலுவலகம் கிரிவலப் பாதையோரக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த காலத்தில், தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தலைவரைப் பார்க்கப் போனாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாடி" என்று ஊரே கேட்கக் கத்தினார் அவர். அவர் காலில் மட்டும் ஷூ பளபளத்தது.

அலுவலகம் வேறு இடத்துக்குப் போய், கட்டடம் வாடகைக்கு வந்ததும், பச்சையம்மாள் சண்டை போட்டு, தலைவர் உட்கார்ந்திருந்த அதே அறையைச் செருப்புப் பாதுகாக்கும் கடைக்காகப் பிடித்தாள். பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் இப்போது அங்கேதான் செருப்பை விடுகிறார்கள். அறை நிரம்பி வழிந்தாலும் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் யாரையும் வைக்க விடமாட்டாள்.

போன பௌர்ணமிக்கு அந்தப் பழைய தலைவரே வந்தார். செருப்பைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே உள்ள கொண்டுபோய் வைங்க. உங்க நாற்காலி இருந்த இடத்தை உங்களுக்குன்னே காலியா வெச்சிருக்கேன்."