டச்சுக்காரன் அளந்த கல்

போன மாதம் சுக்கு வாங்க மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். சுக்கு எர்ணாகுளத்திலும் கிடைக்கும்தான். ஆனால் அந்தத் தெருவில் நின்று நாலு தும்மல் போடாமல் வாங்கினால் எனக்கு அது சுக்காகவே தோன்றாது. மூன்றாவது தும்மலுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எங்கள் பழைய சந்து முனையில் புத்தம்புது நீல போர்டு. டச்சுக்காரர் காலத்து மிளகு அளக்கும் கல்லாம். மலையாளத்தில் பத்து வரி. வாசிக்க வாசிக்க எனக்கு வேர்த்துவிட்டது. பத்து வரியும் நான் எழுதியவை. பழைய ஃபைலைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள்.

உங்களிடம் மறைப்பானேன்? அது எங்கள் வீட்டு ஆட்டுக்கல்.

அறுபதுகளின் தொடக்கம். தெரு முழுக்க மிளகு, சுக்குக் கிடங்குகள். கைவண்டிகள் சந்தில் திரும்பும்போது அச்சு சுவரை உரசிப் பெயர்க்கும். அதனால் உபயோகமில்லாத கல் ஏதாவதை மூலையில் நட்டுவைப்பது முனை வீட்டுக்காரர்களின் வழக்கம். அத்தா பாலக்காட்டிலிருந்து புது ஆட்டுக்கல் வரவழைத்ததும் பழையது மூலைக்குப் போனது. விளிம்பு ஒரு சாண் மட்டும் வெளியே தெரிய மண்ணில் புதைத்து, குழி மேலே பார்க்க நட்டார்கள். மழைத் தண்ணீர் நிற்கும், ஆடுகள் வந்து குடிக்கும். மட்டாஞ்சேரி ஆடுகள் சினிமா போஸ்டர் தின்று வளர்ந்தவை. லாரி ஹார்ன் அடித்தாலும் யோசித்துத்தான் நகரும். குழவியை மட்டும் அம்மா விடவில்லை. "அது என் கைக்குப் பழகுனது" என்று அடுக்களையிலேயே வைத்துக்கொண்டாள்.

புதுக்கல் காலை வாரியது. தவிடு போட்டு எத்தனை தடவை ஆட்டியும் மாவில் மணல் விழுந்தது. அக்காவைப் பெண் பார்க்க ஆலப்புழையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தா அப்பத்தைக் கடித்தார், நறநறவென்றது. மரியாதைக்காரர், இரண்டாவதையும் கடித்தார். பல்லில் ஒரு துண்டு போய்விட்டது. "வெள்ளிக்கிழமை காலைல இன்னொரு தரம் வரோம்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அது நாலாவது இடம். முந்தைய மூன்றும் கைகூடவில்லை.

"பழைய கல்லப் பேத்துக் குடுங்க" என்று அத்தாவை நச்சரித்தாள் அம்மா. அத்தா நாளைக்கு, நாளைக்கு என்றார். அதற்குள் சரித்திரம் வந்து சேர்ந்துவிட்டது.

ஊரெங்கும் சரித்திரப் பலகை நடுவதற்கு அப்போது ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். நான் அதில் தற்காலிகக் குமாஸ்தா. தலைவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், எல்லோருக்கும் அவர் மாஷ். திங்கட்கிழமை எங்கள் சந்து முனையில் நின்று குடையால் கல்லைத் தட்டினார். ஆடு ஒதுங்கிக்கொண்டது.

"எழுதெடோ! டச்சுக்காரன் குருமுளகு அளந்ந கல்லாணிது!"

மாஷ் வீட்டில் ஆட்டுக்கல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கும். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஆனால் என் வேலை நிரந்தரமாக மாஷ் ஒரு வரி எழுதித் தரவேண்டும். வாயை மூடிக்கொண்டு எழுதினேன். மறுநாள் கல்லைச் சுற்றிச் சங்கிலி கட்டிப் பலகையும் நட்டார்கள்.

அம்மா சங்கிலியைச் சட்டை செய்யவில்லை. அன்று மத்தியானமே கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு, வழவழத்துப்போன குழி முழுக்கக் கொத்த வைத்தாள். புதன்கிழமை மாஷ் வந்து அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். "லிபியாடோ... ஏதோ பழைய லிபி!" அதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை மாலை திறப்பு விழா. எர்ணாகுளத்திலிருந்து போட்டில் ஒரு பெரிய அதிகாரி வந்து இறங்கினார். மேளத்தோடு சந்து முனைக்கு வந்தால், சங்கிலிக்குள் அம்மா. தெருவில் உட்கார்ந்து அறியாதவள், முட்டாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அரிசி ஊறிவிட்டது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

அதிகாரி ஒன்றும் புரியாமல் கொண்டுவந்த மாலையைக் கல்லுக்குப் போட்டார். "பூவ எடுங்க சார், மாவு கசந்துரும்" என்றாள் அம்மா. அவர் எடுத்தார்.

"ஈ ஸ்த்ரீ ஆரா?"

மாஷ் என்னைப் பார்த்தார். அம்மாவும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். குழவி நின்றது.

"அறியில்லா சார்" என்றேன்.

மாஷ் சமாளித்தார். டச்சுக்காரன் போன பிறகு நாட்டுப் பெண்கள் இதில் மாவாட்டும் பழக்கம் வந்தது என்று அங்கேயே ஒரு சரித்திரம் சொல்லி, பலகையில் கடைசி வரியாகச் சேர்க்கச் சொன்னார். நான் எழுதினேன்: 'திறப்பு விழா நாளிலும் ஊர் பேர் தெரியாத ஒரு பெண் இக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.'

வெள்ளிக்கிழமை அப்பம் பஞ்சாக இருந்தது. பல் போனவர் ஏழு தின்றுவிட்டு நிக்காஹுக்கு நாள் குறித்தார். எல்லோரும் போனபின் அம்மா எனக்குத் தட்டு வைத்தாள்.

"தம்பி ஆரு? எந்த ஊரு? இருந்து சாப்பிட்டுப் போங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வேலை நிரந்தரமானது. முதல் முழுச் சம்பளத்தில் சேலை வாங்கிக் கொடுத்தபோதும், வாங்கிக்கொண்டு அதையேதான் கேட்டாள். "தம்பி ஆரு?" அவள் கோபமாகக் கேட்டதே இல்லை. அதுதான் கஷ்டம்.

அம்மா போய் நாற்பது வருஷம் ஆகிறது. கைவண்டிகள் இல்லை, ஆடுகளும் குறைந்துவிட்டன. கிடங்குகளில் பழைய பித்தளைச் சாமான் விற்கிறார்கள். குழாய் பதிக்கத் தோண்டியபோது கல்லும் போய்விட்டது. வெறும் தரையைச் சுற்றிப் பத்திரமாகச் சங்கிலி கட்டியிருக்கிறது.

பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். "கல்லு எவிடே அங்கிளே?" என்றாள். போயிற்று என்றேன். கடைசி வரி வரை வாசித்துவிட்டு, "ஆராயிருக்கும் ஈ ஸ்த்ரீ?" என்றாள்.

"என் அம்மா. பாத்துமுத்துன்னு பேரு."

அவள் என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்னே எந்தா பேரு எழுதாத்தது?"

"எழுதினது நான்தான் மோளே" என்றேன்.