கங்காணி எண்ணியபோது ஆள் கணக்குச் சரியாக இருந்ததாம்!

நேற்று, ஐம்பத்திரண்டாவது வயதில், பெற்ற தாயைப் பார்த்தேன்!

(வாழ்த்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். முழுவதும் படியுங்கள்.)

விஷயம் தெரியாதவர்களுக்கு: நான்கு வயதில் கேரளத்து முதலமடை மாந்தோப்பு ஒன்றில் தனியாக நின்றவன் நான். "அருளு" என்று பெயர் மட்டும் சொன்னேனாம். தோப்புக்காரர் என்னைப் பழனிச்சாமி ஆக்கி, எம்.ஏ. வரை படிக்க வைத்தார்.

பெற்றவர்களைத் தேடி, போன வருடம் இங்கே ஒரு பதிவு போட்டேன். அழுகிற பொம்மை போட்டவர்கள் ஏராளம். ஷேர் செய்தவர் ஒருவர்! (மற்றவர்கள் பெயரெல்லாம் என் நினைவில் இருக்கிறது.)

அந்த ஒருவர் மூலம் பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து தகவல் வந்தது: "எங்க லயத்து மரியம்மா மகன் அருளு, சின்னதுல முதலமடை போன எடத்துல காணாமப் போனான்."

கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே கேள்விக்கு ஒத்திகை: என்னை எப்படி விட்டுவிட்டுப் போனீர்கள்?

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு. அதன் வாசலில் அண்ணன் சவரிமுத்து. கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தால்...

"டெஸ்ட்டு கிஸ்ட்டு ஏதும் எடுத்தீங்களா?"

உள்ளேயிருந்து அக்கா: "எதுக்குண்ணே டெஸ்ட்டு? மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குறதப் பாரு. அப்படியே நம்ம அப்பா!"

பிறகுதான் கதை வந்தது. முதலமடைப் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்கு லயமே லாரியில் போயிருக்கிறது. திரும்பும்போது தோப்போரம் நிறுத்தியிருக்கிறார்கள். கிளம்புகையில் கங்காணி, கொழுந்து பறிக்கப் போகும் ஆட்களை எண்ணுவதுபோலவே தலைகளை எண்ணியிருக்கிறார். முகம் பார்க்கும் வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை!

"கணக்குச் சரியா இருந்துச்சு தம்பி. முப்பத்தொண்ணு. பின்னால யாரு மடியிலயாவது இருப்பீங்கன்னு அம்மாவும் ஏறிட்டாங்க" என்றார் அண்ணன்.

"நான் கீழ நின்னனுங்களே!"

"ஒரு பெரியவரு லிஃப்ட்டு கேட்டு ஏறியிருந்தாரு..."

ஆக, என் இடத்தில் ஒரு கிழவர் பயணம் செய்திருக்கிறார்!

எல்லை தாண்டி, தமிழ்நாட்டுக்குள் டீ குடிக்க நிறுத்திய ஊரில் அவர் இறங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஒரு தலை குறைந்தது. தோப்பில் கணக்குச் சரி, எனவே பையன் தொலைந்தது டீக்கடையில்தான் என்று கங்காணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மா மட்டும் "தோப்பு, தோப்பு" என்று கத்தினாராம். யார் கேட்டார்கள்? புகார் தமிழ்நாட்டில். என்னைக் கண்டெடுத்த தோப்புக்காரர் எழுதிக் கொடுத்தது கேரளத்தில். இரண்டு காகிதமும் கடைசிவரை சந்திக்கவே இல்லை. (மாங்காய் லாரி மட்டும் தினமும் எல்லை தாண்டுகிறது!)

உள்ளே கட்டிலில் அம்மா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்த கேள்விக்காக வாயைத் திறந்தேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"எத்தன தடவ கூப்பிட்டேன்? ஏன்டா வரல?"

நாற்பத்தெட்டு வருடக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கேக்கலீங்கம்மா."

"பொய் சொல்லாத. திரும்பிப் பாத்துட்டுத்தான ஓடுன!"

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது அக்காவிடம் மட்டும், "அவனுக்குச் சோத்தப் போட்டு அனுப்பு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன், மன்னிப்புக் கேட்க.

நியாயமாகப் பார்த்தால் கோபப்பட வேண்டியவன் நான்தானே? நீங்களே சொல்லுங்கள்!