கேக்குக்குள் ஒளிந்திருந்த முட்டை

கேக்கில் முட்டை இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாருக்காவது உறைத்திருக்கிறதா? எங்கள் வீட்டில் பதினாறு வருஷம் உறைக்கவே இல்லை.

எனக்கு ஒரு வயதிருக்கும்போது ஒரு ஸ்பூன் முட்டைப் பொடிமாஸ் தின்று உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்திருக்கிறது. மலைமேல் நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு முட்டை தடா. தனி தோசைக்கல், தனி கரண்டி. செம பில்டப்.

பிளஸ் டூ முடித்து சேலத்தில் காலேஜ் சீட் கிடைத்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் முட்டை. அனுப்பவே மாட்டேன், தினம் பஸ்ஸில் போய்வா என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். மலையிறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. எனக்கோ இரண்டாவதிலேயே வாந்தி. கெஞ்சிக் கூத்தாடியதில், டாக்டர் சொல்லட்டும் என்று சேலத்துக்குக் கூட்டிப்போனார்.

முட்டை கலந்த எதையாவது சாப்பிட்டதுண்டா என்று அலர்ஜி டாக்டர் கேட்டார். தொட்டதே இல்லை என்று அம்மா பெருமையாகச் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அப்பா வாராவாரம் வாங்கி வரும் கப் கேக்கையும், அம்மா மாவு கலந்து பேக்கரியில் வேகவைத்து வாங்கி வரும் கிறிஸ்துமஸ் கேக்கையும் பற்றிப் போட்டு உடைத்துவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கேக்குக்கு எத்தனை முட்டைம்மா ஒடைப்பீங்க?"

"பன்னெண்டுங்க."

"அப்புறம் தொட்டதே இல்லைங்கறீங்க?"

"ஏனுங்க, வெந்து வந்துட்டா அது கேக்குதானுங்களே."

டாக்டர் சிரித்து முடித்துத்தான் விளக்கினார். என் உடம்பின் காவலாளிகள் ஒரு வயதில் முட்டைப் புரதத்தை எதிரி என்று தப்பாகக் குறித்துவைத்துக்கொண்டார்களாம். மாவோடு ஓவனில் நெடுநேரம் வெந்தால் அந்தப் புரதத்தின் உருவம் குலைந்துபோகும். மாறுவேடத்தில் வாராவாரம் வந்துபோன ஆளோடு காவலாளிகள் மெல்லப் பழகியிருக்கலாம். வயது ஏற அலர்ஜி தானாகவும் போயிருக்கலாம். ஆனால் கேக்கே ஆபத்தாகிற பிள்ளைகளும் உண்டு, தப்பித்தது அதிர்ஷ்டம் என்று அம்மாவுக்கு நல்ல டோஸ்.

ரத்தம் எடுத்துப் பார்த்தபின், அவசர ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலேயே அவித்த முட்டையைத் துணுக்குத் துணுக்காகத் தந்தார்கள். அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாக்கு தடிக்குதா சாமி?"

"உப்புதாம்மா நொம்பக் கம்மி."

முழு முட்டை உள்ளே போயும் ஒன்றும் ஆகவில்லை. ஹாஸ்டலுக்குப் போனேன். மூன்று வருஷம் மெஸ் முட்டைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மஞ்சள் கரு வேகாத ஆஃப்பாயிலுக்கு மட்டும் டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை.